கடைசியாகத் தொட்ட கை

தினேஷ்,

மணி பன்னிரண்டரை ஆகிறது. இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். இரண்டாவது ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் என்னை ஊரப்பாக்கத்தில் இறக்கிவிட்டபோதே பதினொன்று தாண்டிவிட்டது. நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் இரண்டு டிக்கும் நீலமாகிறது, அதோடு சரி. அதனால் காகிதத்தில் எழுதி, காலையில் பக்கம் பக்கமாய்ப் படம் எடுத்து உனக்கு அனுப்பப் போகிறேன். அம்மா கையெழுத்து என்றாலாவது கடைசி வரை படிப்பாய் என்று ஒரு நினைப்பு. ஒசூரில் குடோனில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறாயாம், உன் அப்பாவிடம் சொன்னாயாம், இனிமேல் ஜென்மத்துக்கும் ஒரு சர்க்யூட் போர்டைத் தொட மாட்டேன் என்று. அந்தப் பேச்சு என் காதில் விழுந்த நாளிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. சாப்பிட்டாயா, சளி பிடித்திருக்கிறதா, ரூமில் கூட இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்றெல்லாம் கேட்க வேண்டும்தான். அதையெல்லாம் பிறகு கேட்கிறேன். இன்றைக்கு வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். நான் உன்னைச் சமாதானப்படுத்த எழுதவில்லை. அந்த ஆளை மன்னித்துவிடு, பெரிய மனிதர், வாய் தவறிச் சொல்லிவிட்டார் என்று உன் சித்தப்பா உனக்குப் போன் போட்டுச் சொன்னாராமே, அந்த வேலையை நான் செய்ய மாட்டேன். உனக்கு வேலை கொடுத்த அந்த ஆளை இரண்டு மாதமாய் நான் மனசுக்குள் தினமும் நிற்க வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேலையில் பூதக்கண்ணாடிக்குக் கீழே போர்டைப் பார்க்கும்போது அவர் முகம்தான் தெரிகிறது. அவருடைய கடலோரப் பங்களாவின் ஒவ்வொரு ஆணியையும் அந்த உப்புக்காற்று தின்னட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். உன்னைப் பெற்றபோது எனக்கு இருபது வயது, காலேஜில் கடைசி வருஷம். வயிற்றைப் பிடித்துக்கொண்டே எலக்ட்ரானிக்ஸ் பிராக்டிகல் எழுதியவள். அப்போதிருந்தே உனக்கு ஒன்று ஆகிவிடுமோ என்று பயந்து பயந்தே வளர்த்தேன். பயந்தவளுக்குக் கோபம் வந்தால் அது லேசில் போகாது.

அந்த வேலைக்கு நீ போன முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாமல்லபுரம் தாண்டி, புதுப்பட்டினத்துக்கு முன்னால், கடலைப் பார்த்த பங்களா. ரிட்டையர் ஆன பெரிய அதிகாரி, பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி வாங்கிச் சேர்த்து ஒரு கண்ணாடி ஹாலில் வரிசையாக வைத்திருக்கிறார், அதில் ஒன்றைத் தமிழ் பேச வைக்க வேண்டுமாம் என்று குதித்துக்கொண்டு வந்தாய். எண்பதுகளில் பள்ளிக்கூடங்களுக்கு வந்த ரகம். அதற்குத் தெரிந்ததெல்லாம் அதன் வயிற்றில் இருக்கும் ரோம் சிப்பில் இருப்பதுதான். அதன் இடத்தில் ஒரு சின்ன போர்டைச் செருகி, பழைய சிப்பையும் அதன் பக்கத்தில் தமிழ் எழுத்துகள் ஏற்றிய புதுச் சிப்பையும் வைத்தால், மெஷின் இரண்டையும் படிக்கும் என்று சாப்பிடும் தட்டிலேயே எனக்கு வரைந்து காட்டினாய். ஒவ்வொரு எழுத்தையும் எட்டுக்கு எட்டு கட்டத்தில் புள்ளி வைத்து நீயே வரைந்தாய். 'ணை'யும் 'ஞா'வும் கட்டத்துக்குள் அடங்க மாட்டேன் என்கிறது என்று ஒரு வாரம் புலம்பினாய்.

வேலை கொடுப்பதற்கு முன்னால் அவர் உன்னிடம் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னாய். அந்த ஊரில் எந்தப் பக்கம் என்றார். அதையும் சொன்னாய். தாத்தா பாட்டி என்ன செய்தார்கள் என்றார். பாட்டி நாற்று நட்டவர் என்று சொன்னாய். வீட்டுக்கு வந்து என்னிடம் இதையெல்லாம் சொன்னபோது, உண்மையைச் சொன்னதில் என்னடா வெட்கம், நல்லதுதான் செய்தாய் என்று உன் முதுகைத் தட்டியவள் நான். இப்போது திருத்திச் சொல்கிறேன், கேட்டுக்கொள். எந்த ஊர் என்று கேட்டால் சொல். எந்தப் பக்கம் என்று கேட்டால், எதற்குக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேள். அந்த விவரத்தை அவர் பத்திரமாக எடுத்து வைத்திருந்து, தேவைப்பட்ட அன்றைக்கு வெளியே எடுத்தார்.

அன்றைக்கு நான் அங்கே இல்லை. நடந்ததை எனக்குச் சொன்னது அந்த வீட்டில் வேலை செய்யும் கஸ்தூரி அக்கா. கார்த்திகை மாசம், முந்தின நாள் மழை, காலையில் வெயில். இருபது முப்பது விருந்தாளிகள். அதுவரை ஏசி போட்டு மூடியே இருந்த ஹாலின் கண்ணாடிக் கதவுகளை எல்லோரும் கடலைப் பார்க்கட்டும் என்று முழுதாகத் திறந்துவிட்டார்களாம். ஒரு மணி நேரம் பேச்செல்லாம் முடிந்து, உன்னைக் கூப்பிட்டு மெஷினைப் போடச் சொன்னார். மூன்று வாரமாக அதே ஹாலில் அதே மேஜையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மெஷின், அன்றைக்கு ஒரே நீளமாக ஊதியது. திரையில் ஒன்றுமில்லை. நீ அணைத்துப் போட்டாய். மறுபடி ஊதல். போர்டை அழுத்திப் பார்த்தாய், மறுபடி அதே. யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் அவர் மைக்கிலேயே சொன்னாராம், "நாத்து நடற கையில சிப்பைக் குடுத்தது என் தப்புங்க, எக்ஸ்க்யூஸ் பண்ணிக்கோங்க." இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள். நீ போர்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, செருப்பைக் கூடப் போடாமல் மெயின் ரோடு வரை நடந்து போனாய்.

எட்டு நாள் கழித்து, நீ ஒசூருக்கு வண்டி ஏறின பிறகு, நான் அங்கே போனேன். உனக்கு இது தெரியாது. செங்கல்பட்டு போய், திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ் பிடித்து, இறங்கி அரை மணி நேரம் வெயிலில் நடந்தேன். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் யார் என்று சொன்னேன். என் மகனைப் பார்த்து அப்படி ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் காபி டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, "ஜோக்கும்மா அது. உங்க பையன் ரொம்ப சென்சிடிவ். ஒரு சோல்டரிங்கூட ஒழுங்கா இல்ல, நான் என்ன மாலையா போடணும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் திரும்பும்போது கஸ்தூரி அக்கா பின்பக்கமாக ஓடிவந்து ஒரு நியூஸ் பேப்பர் பொட்டலத்தைக் கையில் திணித்தது. குப்பையில் போடச் சொன்னார்களாம். "உன் புள்ள அழுவவே இல்லம்மா. அத்த பாத்துதான் எனுக்கு பேஜாரா பூட்ச்சி. இத்த வச்சிக்கினு ஏதாவது பண்ணு" என்றது. பொட்டலத்துக்குள் உன் போர்டு.

உன் கட்டிலுக்கடியில் மூடி இல்லாமல் கிடக்குமே, பழகிப்பார்க்க என்று காயலான் கடையிலிருந்து நீ தூக்கி வந்த அதே ரக மெஷின், அதை வெளியே எடுத்தேன். பழைய டிவியில் வயரைச் செருகினேன். கம்பெனியில் நாங்கள் எப்படிப் பழுது பார்ப்போமோ அப்படியே, ஒன்றன் பின் ஒன்றாக. உன் போர்டு இல்லாமல் மெஷின் மட்டும்: 'பூ... பீப்' என்று சொல்லிவிட்டு எழுந்தது. அப்புறம் எந்தச் சிப்பையும் கழற்றாமல் உன் போர்டை அப்படியே செருகினேன். கால் ஏதாவது மடங்கியிருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா என்று நாலு தடவை பார்த்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன்.

எழுந்ததடா. கறுப்புத் திரையில் முதல் வரியாக நீ எழுதி வைத்திருந்தது வந்தது. 'தொடலாம்.' அவ்வளவுதான், ஒரே வார்த்தை.

நீ எட்டாவது படிக்கும்போது ஒரே ஒரு தடவை உனக்கு அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். என் பள்ளிக்கூடத்தில் இதே மாதிரி ஒரு மெஷின் பூட்டிய அறையில் இருந்தது, மேலே பூப்போட்ட உறை, பக்கத்தில் 'தொடாதே' என்று ஒரு அட்டை. சார் பொறுக்கி எடுத்த பிள்ளைகள் மட்டும் உள்ளே போவார்கள். எங்கள் தெருவிலிருந்து போன இரண்டு பெண்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் அந்த உறையைத் துவைக்கும் வேலை. துவைத்த உறையை மாட்டும்போது ஒருநாள் ஒரே ஒரு விசையை அமுக்கிவிட்டேன். விரல் முட்டியில் ஸ்கேல் விழுந்தது. இதைச் சொல்லி முடித்ததும் நீ டியூஷனுக்குக் கிளம்பிப் போய்விட்டாய். மறந்திருப்பாய் என்று நினைத்தேன். அந்தப் பங்களாக்காரர் முதல் வரியில் வணக்கம் என்று வரச் சொன்னாராமே, நீ அதை இரண்டாவது வரியில் போட்டிருக்கிறாய். டிவி முன்னால் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் முன்னைவிடக் கோபம் வந்தது.

ஏனென்றால் போர்டு வேலை செய்கிறது. அன்றைக்கு மட்டுமா? அடுத்த ஒன்பது நாளும் வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்து ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூட ஊதவில்லை. அப்படியென்றால் அந்த வீட்டில்தான் யாரோ எதையோ செய்திருக்கிறார்கள். கம்பெனியில் ஒவ்வொரு போர்டோடும் ஒரு ஜாப் கார்டு போகும், உனக்குத் தெரியும். யார் கை பட்டாலும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். பழுது வந்தால் நாங்கள் முதலில் போர்டைப் பார்ப்பதில்லை, கார்டைத்தான் பார்ப்போம். கடைசியாகத் தொட்டது யார் என்று. உன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து உன் போர்டுக்கும் ஒரு கார்டு எழுதினேன். முதல் பெயர் நீ. மற்றதெல்லாம் கஸ்தூரி அக்கா சொன்னதை வைத்து எழுதினேன். இரண்டாவது, மேஜையை நகர்த்திய எலக்ட்ரீஷியன். மூன்றாவது, விருந்தாளி யாருக்கோ காட்டுவதற்காகப் போர்டை ஒருநாள் வெளியே எடுத்த அவர். நாலாவது, தினமும் அந்த ஹாலைத் துடைத்த கஸ்தூரி அக்கா. மூன்றாவது பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். அவர்தான் என்று எனக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

இருந்தாலும் கோர்ட்டுக்குச் சாட்சி தேடுகிற மாதிரி கஸ்தூரி அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் போர்டை எடுத்தபோது எப்படிப் பிடித்தார் என்று கேட்டேன். அக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை. பேச்சுவாக்கில், நீ எப்பவாவது ஈரத் துணி போட்டு அதைத் துடைத்தாயா அக்கா என்று கேட்டுவிட்டேன். அது சொன்னது: "இன்னா தங்கச்சி. அவுரு உன் புள்ள கையச் சொன்னாரு, நீ என் கையச் சொல்ற. இன்னா வித்தியாசம் கீது சொல்லு." போனை வைத்துவிட்டது. குப்பையிலிருந்து உன் போர்டைக் காப்பாற்றித் தந்த கை அது. அதைப் போய்க் கேட்டேன். கார்டில் நாலாவது பெயரை அடித்தேன். மறுநாள் மறுபடி கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன், சரி வுடு என்றது. ஆனால் அது கேட்ட கேள்வி இன்னும் என் பின்னால் வந்துகொண்டுதான் இருக்கிறது.

உன் அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். கல்பாக்கம் பக்கம் கான்ட்ராக்ட் பஸ் ஓட்டிவிட்டு வந்து, சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "வுட்டுத் தள்ளும்மா, அந்த ஆளு மூஞ்சியில முழிச்சி இன்னா ஆவப் போவுது" என்று தினம் ஒரு தடவை சொல்லுவார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. உங்களுக்கு ரோஷமே இல்லையா என்று கேட்டுவிட்டேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். கோபப்படவில்லை. "ரோஷம் கீது. ஆனா நீ கேக்குற கேள்வி தப்பு. இந்த வூட்ல ஓடுது, அந்த வூட்ல ஓடல. யார் யார்னு கேட்டுகினே கீற. ரெண்டு வூட்டுக்கும் நடுவுல இன்னா வித்தியாசம்னு கேட்டியா? என் வண்டிய வந்து பாரு. ரெண்டு வருசம் அந்தப் பக்கம் ஓடினதுல ஸ்க்ரூ எல்லாம் பச்சை பூத்து நிக்குது" என்றார். சொல்லிவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டார்.

கடல்காற்று. கதவை மூடி ஏசி போட்டிருந்த மூன்று வாரம் ஓடியது. கதவைத் திறந்து ஒரு மணி நேரத்தில் நின்றது. இருபது வருஷம் போர்டு பார்க்கிற எனக்கு இது தோன்றவில்லை, உன் அப்பாவுக்குத் தோன்றியது. மறுநாள் காலையில் இட்லிப் பானையை அடுப்பில் வைத்து, மூடியைத் திறந்து, கரண்ட் எதுவும் இல்லாமல் உன் போர்டை மட்டும் இடுக்கியில் பிடித்து ஆவிக்கு மேலே கொஞ்ச நேரம் காட்டினேன். வெளிப்பக்கத்தை மட்டும் துணியால் ஒற்றிவிட்டு மெஷினில் செருகிப் போட்டேன். ஊதியது. அதே ஒரே நீள ஊதல். இரண்டு மாதமாக நான் கேட்காமலே கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சத்தம் நம் சமையலறையில் கேட்டது. காய்ந்த பிறகு, தமிழ்ச் சிப்பைத் துணியால் மூடிவிட்டுப் பழைய சிப்பின் மேல் மட்டும் அதே ஆவியைக் காட்டினேன், அப்போது ஊதவில்லை. ஆக, பழுது உன் தமிழ்ச் சிப்பின் இடத்தில். ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாக நெம்பி அதைத் தூக்கினேன்.

சிப்புக்கு அடியில், அதைச் செருகும் சாக்கெட்டின் நடுவில், கால்களுக்கு இடையில், சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. துரு என்றுதான் நினைத்தேன். ஊசியால் சுரண்டினேன். துரு அப்படிப் பொடியாகாது. மூக்கருகே கொண்டுபோனேன். தினேஷ், சந்தன வாசனை வந்தது.

ஆயுத பூஜை. நீ அந்தப் போர்டை அப்போதுதான் சோல்டர் பண்ணி முடித்து மேஜையில் வைத்துவிட்டு, நண்பர்களோடு வெளியே போயிருந்தாய். உன் சோல்டரிங் அயர்ன், கட்டர், மீட்டர், அப்பாவின் பஸ் சாவி, என் கம்பெனி ஐடி கார்டு, எல்லாவற்றையும் தாம்பாளத்தில் அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். உன் போர்டையும் அதில் வைத்தேன். உன் முதல் வேலையாயிற்றே. கெட்ட கண் படக்கூடாதே, பெரிய இடமாயிற்றே, நல்லபடியாக முடிய வேண்டுமே என்று ஒரே படபடப்பு. சந்தனத்தைக் கொஞ்சம் தண்ணியாகவே கரைத்துவிட்டேன். தமிழ்ச் சிப்பின் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு, அதன் மேல் குங்குமம். அது வழிந்து ஓரமாக உள்ளே இறங்கியதைப் பார்த்தேன்கூட. மறுநாள் நீ எழுந்து பார்த்தால் கத்துவாய் என்று விடியற்காலையிலேயே துணியால் மேலே துடைத்து, பழையபடி மேஜையில் வைத்துவிட்டேன். அடியில் போனது அடியிலேயே காய்ந்தது. காய்ந்திருக்கும்வரை ஒன்றும் செய்யாது. ஈரக்காற்று பட்டால் குங்குமத்தில் இருக்கிற சுண்ணாம்பும் உப்பும் ஊறி, ஒரு காலுக்கும் பக்கத்துக் காலுக்கும் நடுவே பாலம் போட்டுவிடும்.

கம்பெனியில் பூஜை அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்களிடம் நான்தான் சொல்லுவேன்: மெஷின் மூடியில் வைங்கடி, போர்டு மேல ஒரு துளி பட்டா தொலைச்சிடுவேன் என்று. பதினைந்து வருஷமாகச் சொல்கிறேன். ஊருக்குச் சொன்னதை என் வீட்டில் செய்யவில்லை. அந்தக் கார்டில் நான் எல்லோர் பெயரையும் எழுதினேன், என் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. அம்மா கை கணக்கில் வராது என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. உன் சோல்டரிங்கை லென்ஸ் வைத்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தேன். கம்பெனியில் என்னிடம் வந்திருந்தால் கேள்வி கேட்காமல் பாஸ் போட்டிருப்பேன். உன் வேலையில் ஒரு குறையும் இல்லை. உன்னை அத்தனை பேர் முன்னால் அவமானப்பட வைத்த பழுது என் விரலிலிருந்து வந்தது. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னை மன்னித்துவிடு.

இப்போது போர்டைச் சரி செய்துவிட்டேன். அந்த சாக்கெட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு நல்ல சாக்கெட் வைத்து நானே சோல்டர் பண்ணினேன். ஸ்பிரிட்டும் பழைய டூத் பிரஷும் போட்டு ஒவ்வொரு காலாகத் தேய்த்தேன். இருபது தடவை ஆவியில் காட்டிவிட்டேன், ஒரு தடவையும் ஊதவில்லை. இட்லிப் பானை அடி பிடித்துவிட்டது, அது வேறு கதை.

இனிமேல்தான் நான் உன்னிடம் கேட்க வேண்டியது வருகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பங்களாவுக்கு வெளியூரிலிருந்து பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் கூட்டமாக வருகிறார்களாம். தமிழ் எழுத்து வரும் மெஷினைப் பார்க்கத்தான் வருகிறார்களாம். அவர் இரண்டு மெக்கானிக்கை வைத்துப் பார்த்துவிட்டார், உன் சிப் இல்லாமல் யாராலும் முடியவில்லை. போர்டைக் குப்பையில் போட்டது நினைவுக்கு வந்து கஸ்தூரி அக்காவைத் துளைத்தெடுத்திருக்கிறார். அது, பையனுடைய அம்மாவிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டது. நேற்று அவரே போன் பண்ணினார். மாடியிலிருந்து பேசிய குரல் தரையில் இறங்கியிருந்தது. "அம்மா, அந்த போர்டைக் கொண்டு வந்தீங்கன்னா நல்லா இருக்கும், கார் அனுப்பறேன்" என்றார். கார் வேண்டாம், பஸ்ஸில் வருகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன்.

நான் நல்லவள் இல்லை, ஒன்றையும் மறைக்க மாட்டேன். முதலில் நான் போட்ட திட்டம் வேறு. தலைமுடி கனத்தில் ஒரு செப்புக் கம்பியை வெட்டி, இரண்டு கால்களுக்கு நடுவே தொட்டும் தொடாமலும் விட்டால், பத்து நிமிஷம் ஓடிச் சூடேறியதும் ஒட்டிக்கொள்ளும். அவர் மைக்கைப் பிடித்துப் பெருமை பேசிக்கொண்டிருக்கும்போது மெஷின் ஊதும். அந்த ஊதலை அவர் ஜென்மத்துக்கும் மறக்கக் கூடாது. கம்பியை வெட்டிவிட்டேன். தீப்பெட்டிக்குள் போட்டு உன் நோட்டுக்கு மேலே வைத்திருக்கிறேன். இதை எழுதும்போதும் அது என் கண்ணில் படுகிறது.

அந்தச் சிவப்பு மறுபடி நினைவுக்கு வந்த பிறகு இரண்டாவது திட்டம். நான் போவேன். எல்லோரும் வந்த பிறகு, கடல் பக்கத்துக் கதவுகளை முழுக்கத் திறக்கச் சொல்வேன். ஒரு மணி நேரம் காற்று வரட்டும் என்று உட்கார்ந்திருப்பேன். பிறகு போர்டைச் செருகிப் போடுவேன். 'தொடலாம்' என்று வரும். அப்போது அவரிடம், அன்றைக்கு மைக்கில் சொன்னதை இப்போது இவர்கள் முன்னால் ஒரு தடவை சொல்லுங்கள் சார் என்பேன். அவர் சொல்ல மாட்டார். நான் சொல்லுவேன், ஒரு வார்த்தை விடாமல். இந்தப் போர்டைக் கெடுத்தது நான், என் கை, நாற்று நட்டவள் பெற்ற கை. அதைச் சரி செய்ததும் அதே கை. இதில் என் மகன் கை எங்கே தப்பு செய்தது என்று காட்டுங்கள் என்று கேட்பேன். உன் பெயரைச் சொல்லி அவர் மன்னிப்புக் கேட்கும்வரை நான் நகர மாட்டேன்.

உன் அப்பா, பொட்டு வைத்ததை எதுக்குச் சொல்லணும், அவன் அதையே பிடிச்சிக்கினு சிரிப்பான் என்கிறார். சிரிப்பார்தான், எனக்கும் தெரியும். ஆனால் அதை மறைத்துவிட்டு ஜெயித்தால், கஸ்தூரி அக்கா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்காது. என் பழிக்கு எந்த இடத்திலும் ஓட்டை இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். இன்னொன்றும் உண்டு. கெடுத்தது நான் என்று அந்த ஹாலில் சொன்னால்தான், நீ இல்லை என்பது அந்த ஹாலில் சிரித்தவர்கள் வரை போய்ச் சேரும்.

கார்டில் ஐந்தாவதாக என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்குக் கீழே ஒரு வரி காலியாக இருக்கிறது. போர்டு உன்னுடையது. அவர் மன்னிப்புக் கேட்டால் அதை அங்கே விட்டுவிட்டு வருவதா, கேட்டாலும் கேட்காவிட்டாலும் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவதா, இதை நான் முடிவு செய்யக் கூடாது. பொட்டு வைத்ததை நான் சொல்லட்டுமா, வேண்டாமா என்பதையும் நீ சொல். அந்தத் தீப்பெட்டியைத் தூக்கி வெளியே எறி என்று சொன்னால் எறிந்துவிடுகிறேன். கூட நீயும் வருகிறேன் என்றால், சனிக்கிழமை ராத்திரி ஒசூரில் பஸ் ஏறினால் விடிவதற்குள் வந்துவிடலாம். உன் செருப்பு இன்னும் கஸ்தூரி அக்காவிடம்தான் இருக்கிறது.

ஞாயிறு காலை ஏழரைக்குச் செங்கல்பட்டில் எனக்குப் பஸ். அதற்குள் எனக்குப் பதில் போடு. ஒரு வரி போதும்.

அம்மா